ஆள் குறைந்த காவல் நிலையத்தோடு ஓர் ஊர் எப்படி வாழ்வது: குமரி மாவட்டத்தவருக்கு முழுமையான வழிகாட்டி

ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் எங்கள் புகைப்புரையின் பின்பக்கத் தகரத்தை நெம்பி, உள்ளே தொங்கிய ரப்பர் ஷீட்டுகளை யாரோ இரவோடு இரவாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். காலை ஏழரை மணிக்குக் காவல் நிலையத்தில் நின்றேன். வாசலில் பாராவுக்கு ஒரு பெண் காவலர். உள்ளே ரைட்டர், அதாவது நிலைய எழுத்தர், மட்டும். காதில் தொலைபேசி, கையில் அன்று நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய காகிதக் கட்டு. மற்ற எல்லாரும் தேர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். அவர் நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி: "எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களா சார், இல்லை நான்தான் எழுத வேண்டுமா?"

நான் எழுதிக்கொண்டு போகவில்லை. பதினொன்றரை வரை பெஞ்சில் இருந்தேன். மனு ரசீது மறுநாள் மாலைதான் கைக்கு வந்தது. அந்தப் பெஞ்சில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்த மனிதர் அன்று காலை எத்தனை வேலைகளை ஒற்றை ஆளாகச் செய்தார் என்பதையும் நான்கு மணி நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் பிறகு ஊர்ச் சங்கத்துக்காகப் பல நிலையங்களின் படி ஏறி இறங்கித் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

ஆட்கள் எங்கே போகிறார்கள்?

முதலில் இது புரிய வேண்டும். குமரி சிறிய மாவட்டம். பரப்பு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 18.7 லட்சம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். மாநிலச் சராசரி 555. ஒரு பக்கம் கேரள எல்லை, இரண்டு பக்கம் கடல், வடகிழக்கில் மலை. இடையில் வீடுகள் தெருவாக இல்லாமல், விளைகள் என்று நாங்கள் சொல்லும் தோட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கின்றன. ரோந்து ஜீப் நுழைய முடியாத ஒற்றையடிப் பாதைகள் எத்தனையோ.

இதற்கு மேல் திருவிழாக்கள். மண்டைக்காட்டில் மாசிக் கொடை, சுசீந்திரத்தில் மார்கழித் தேர், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மகாசிவராத்திரியில் பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ஓடும் சிவாலய ஓட்டம். 1982 மண்டைக்காட்டு மதக் கலவரத்தைக் கண்ட மாவட்டம் என்பதால் இங்கே எந்த ஊர்வலத்தையும் காவல்துறை சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. முக்கியப் பிரமுகர் வந்தால் சொல்லவே வேண்டாம். 2024 மே இறுதியில் பிரதமர் விவேகானந்தர் பாறையில் தியானத்துக்கு வந்த மூன்று நாட்கள் கன்னியாகுமரி எப்படி இருந்தது என்று அங்கே கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

ஆக, பலகையில் எழுதியிருக்கும் எண்ணிக்கை வேறு, இரவு பதினொரு மணிக்கு நிலையத்தில் இருக்கும் எண்ணிக்கை வேறு. சம்மன் கொடுப்பவர், நீதிமன்றத்துக்குப் போனவர், கைதியைச் சிறைக்குக் கூட்டிச் சென்றவர், பாஸ்போர்ட் விசாரணைக்குப் போனவர், விடுப்பில் இருப்பவர் எல்லாரையும் கழித்துப் பாருங்கள்.

முதல் படி: உங்கள் நிலையம் எது?

சிரிக்க வேண்டாம். நிலைய எல்லை ஊராட்சி எல்லையோடும் தாலுகா எல்லையோடும் ஒத்துப்போவதில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் வேறு நிலையம் என்று இருக்கும். பகலில் ஒரு நாள் நேரில் போய்க் கேட்டு, நிலைய எண், ஆய்வாளர் எண், உங்கள் பகுதிக்கான பீட் காவலரின் பெயரும் எண்ணும், துணைக் கண்காணிப்பாளர் அலுவலக எண் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பீட் காவலர் மாறிக்கொண்டே இருப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள்.

இரண்டாம் படி: அழைக்கும்போது என்ன சொல்வது?

112, 100 இரண்டும் ஒன்றுதான். எதற்கு வேண்டுமானாலும் அழைக்கலாம். ஆனால் அழைப்பை எடுப்பவர் உங்கள் நிலையத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் சென்னையில் இருக்கிறார். "பரக்குன்று விளைக்கு வாருங்கள்" என்றால் அவருக்கு என்ன தெரியும்? மாவட்டம், தாலுகா, நிலையத்தின் பெயர், பின்கோடு, அருகிலுள்ள கோயில் அல்லது தேவாலயம் அல்லது பள்ளிக்கூடம், ஜீப் எதுவரை வரும் என்பது. இந்த வரிசையில் சொல்லுங்கள். இதை ஒரு அட்டையில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தால், எழுபது வயது அம்மாவும் பதற்றத்தில் பார்த்து வாசித்துவிடுவார். 'காவல் உதவி' செயலியில் அவசரப் பொத்தானை அழுத்தினால் இருப்பிடம் தானாகவே போகும்; வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் போனில் இதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

களியக்காவிளை, கொல்லங்கோடு, நீரோடிப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். செல்போன் கேரளக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் அழைப்பு எல்லைக்கு அப்பால் போய் விழக்கூடும். எடுத்தவர் மலையாளத்தில் பேசினால் பதறாமல் "தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம்" என்று முதலில் சொல்லுங்கள். கூடவே நிலையத்தின் நேரடி எண்ணுக்கு இன்னொருவர் அழைக்கட்டும்.

மற்ற எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, சட்ட உதவிக்கு 15100.

மூன்றாம் படி: புகாரை எழுதுவது

இங்கேதான் நான் தோற்றேன். அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

ஆள் இல்லாத நிலையத்தில் சொல்லுக்கு நேரம் கிடைக்காது, எழுத்துக்குக் கிடைக்கும். ஒரு பக்கம் போதும். யார் எழுதுகிறீர்கள், எப்போது நடந்தது, எப்போது பார்த்தீர்கள், எந்த இடத்தில், என்ன போனது, அதன் மதிப்பு என்ன, யார் பார்த்தார்கள், யார் மேல் ஐயம், ஏன் ஐயம். ஐயம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு இருக்கும் பழைய வேலித் தகராறை இதில் கொண்டுவந்து செருகாதீர்கள். ரைட்டர்கள் அதை இரண்டாம் வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள், மனுவின் மதிப்பே போய்விடும்.

'எந்த இடத்தில்', 'மதிப்பு என்ன' என்ற இரண்டும் ஏன் முக்கியம் என்று என் ரப்பர் ஷீட்டை வைத்தே சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சாதாரணத் திருட்டு, நீதித்துறை நடுவரின் உத்தரவில்லாமல் காவல்துறை விசாரிக்க முடியாத வகையில் போய்விட்டது. ஒரு ஷீட் அரைக் கிலோ அளவில் இருக்கும். முற்றத்துக் கயிற்றில் காய்ந்த முப்பது ஷீட் போனால், அன்றைய ரப்பர் விலையைப் பொறுத்து, கணக்கு 5,000-க்குக் கீழேயே நின்றுவிடலாம். ஆனால் பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள்ளிருந்து திருடினால் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 305-ஆம் பிரிவு. அங்கே மதிப்பு ஒரு பொருட்டே அல்ல, ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. "ரப்பர் ஷீட் திருடு போனது" என்று எழுதுவதற்கும், "பூட்டியிருந்த புகைப்புரையின் தகரத்தை நெம்பி உள்ளே நுழைந்து திருடியிருக்கிறார்கள்" என்று எழுதுவதற்கும் இடையில் ஒரு வழக்கே இருக்கிறது. நடந்ததைக் கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததை விடாமல் சொல்லச் சொல்கிறேன்.

மதிப்புக்கு, கடைசியாக ஷீட் விற்ற கடையின் சீட்டை இணையுங்கள். நகை என்றால் வாங்கிய ரசீது, அது இல்லை என்றால் கழுத்தில் போட்டு எடுத்த படம். வண்டி என்றால் ஆர்.சி. நகல். மனு இரண்டு படி.

நான்காம் படி: ரசீதும் முதல் தகவல் அறிக்கையும்

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே, வழக்கு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ரசீதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்கள் எங்கள் ஊரிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பவும் முடியாது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினாலும் ஏற்க வேண்டும்; மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். 85-ஆம் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

சாட்சி சொல்ல அழைத்தால்? பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் காவல்துறை வர வேண்டும். ஆள் பற்றாக்குறை இதற்குக் காரணமாகாது.

பதியவில்லை என்றால்

சண்டை போடாதீர்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனுவின் நகலை அனுப்புங்கள். ஒப்புகை அட்டை வரட்டும். புதன்கிழமைகளில் நடக்கும் மனு விசாரணையிலும் நேரில் கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் அது சுற்றிக்கொண்டு அங்கேதான் வரும், ஒரு வாரம் கூடுதலாகும். அதிலும் பலன் இல்லை என்றால் உங்கள் பகுதி நீதித்துறை நடுவரிடம், கண்காணிப்பாளருக்கு அனுப்பிய சான்றையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் வைத்து மனு செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

பாலியல் வன்முறை போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. அந்த வகைப் புகார்களுக்கு இந்தப் படிக்கட்டுகளில் ஏறி நேரத்தை வீணாக்காமல் 181-ஐ அழைத்து, மகளிர் காவல் நிலையத்துக்கு நேராகப் போங்கள்.

ஐந்தாம் படி: பூட்டிய வீடும் முக்குக் கேமராவும்

வளைகுடாவுக்குப் போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. பாதி வீடுகளில் முதியவர் தனியாக, மீதியில் பூட்டு. ஊருக்குப் போகும்போது நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், இரவு ரோந்துக் காவலர் அந்த வீட்டையும் எட்டிப் பார்த்து, ரோந்து வந்ததைக் குறிக்கும் பட்டாப் புத்தகத்தில் கையெழுத்திடுவார். முகநூலில் விமான நிலையப் படம் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

கேமரா வாங்கச் சங்கங்கள் துடிக்கின்றன. வாங்குங்கள், ஆனால் வீட்டுக்கு ஒன்று என்று வேண்டாம். விளைக்குள் நுழையவும் வெளியேறவும் உள்ள வாய்கள் எத்தனை என்று நடந்து எண்ணுங்கள். எங்களுக்கு மூன்றுதான் இருந்தன. மூன்று கேமரா, வண்டி எண் தெரியும் உயரத்தில், தெருவிளக்கின் வெளிச்சம் லென்ஸில் அடிக்காத கோணத்தில். யார் வீட்டுக் கிணற்றடியும் குளியலறையும் படத்தில் விழக்கூடாது. ஐப்பசி இடியில் பெட்டி கருகாமலிருக்க நல்ல எர்த்திங். இவ்வளவும் செய்தோம். புகைப்புரைத் திருட்டின் இரவுப் பதிவை எடுத்தால், கருவியின் கடிகாரம் நாற்பது நிமிடம் பிந்தி ஓடியிருக்கிறது! திருடர்கள் வந்த ஆட்டோவும் பால் எடுக்க வந்த ஆட்டோவும் ஒன்றா வேறா என்று விசாரணை அதிகாரிக்கு இரண்டு நாள் போனது. மாதத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பாருங்கள். பதிவு எத்தனை நாள் தங்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதினைந்தாம் நாள் அழிந்துவிடும் பதிவை இருபதாம் நாள் கேட்டுப் பயனில்லை. நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமென்றால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அதில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பொறுப்பாளர் யார் என்று இப்போதே தீர்மானியுங்கள்.

ஆறாம் படி: ஊர்க் காவல் எதுவரை?

காவல்துறைக்கு ஆள் இல்லை, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இளைஞர்கள் கம்போடு கிளம்புவார்கள். இங்கே எனக்கு அச்சம் உண்டு. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கப்பட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, அந்த அமைப்பின் தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது. அதிகாரம் இல்லாதவன் கையில் அதிகாரத்தின் நிழல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர் பார்த்துவிட்டது.

சட்டம் சொல்வது இவ்வளவுதான்: கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றம் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். ஐயத்தின் பேரில் பிடிக்க முடியாது. கட்டி வைக்க முடியாது. அடிக்க முடியாது. வடமாநிலத் தொழிலாளி ஒருவர் இரவில் வழி தவறி நின்றால் அவர் திருடன் ஆகிவிடமாட்டார். குழு வைத்தால் இருவர் இருவராக, டார்ச்சும் விசிலும் போனும் மட்டும்; பெயர்ப் பட்டியல் நிலையத்தில் இருக்கட்டும். பார்ப்பது, குறிப்பது, அழைப்பது, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்களில் வேறு கணக்கு. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வீட்டில் பெண்களும் முதியவர்களும் மட்டும். அங்கே தேவாலயப் பங்குகளில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. முப்பது வீட்டுக்கு ஓர் அழைப்புச் சங்கிலி என்று அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். புதிதாக ஒரு குழு வேண்டியதில்லை. எந்தப் படகில் யார் போனார்கள் என்ற பதிவேட்டையும் அதோடு வையுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலின்போது, கடலில் எத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் தவித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மாநிலக் காவல்துறையின் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, மத்திய அரசின் கடலோரக் காவல் படைக்கு 1554.

வீட்டுக்குள் வரும் திருடன்

நிலையத்தின் ஆள் பலம் எவ்வளவானாலும் இவனைத் தடுக்காது. "மும்பை காவல்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள், வீடியோவை அணைக்காமல் உட்காருங்கள்" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு அழைப்பு வருகிறது. டிஜிட்டல் கைது என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் உள்ளூர் நிலையத்துக்கு ஓடுவதற்கு முன் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம்.

ஏழாம் படி: ஆள் கேட்பது

இதுவரை சொன்னதெல்லாம் பற்றாக்குறையோடு வாழும் வழி. பற்றாக்குறையைக் குறைக்கவும் கேட்க வேண்டும். "போலீஸ் போதாது" என்று பொதுவாக எழுதினால், கோப்பில் ஒரு தாள் கூடும், அவ்வளவுதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி நான்கு கேள்வி கேளுங்கள். எங்கள் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பதவிவாரியாக எத்தனை? இன்று நிரப்பப்பட்டவை எத்தனை? அவர்களில் வேறிடத்துக்கு அயல்பணியில் சென்றிருப்பவர்கள் எத்தனை பேர்? கடந்த ஆண்டு பந்தோபஸ்துக்காக வெளியே அனுப்பப்பட்ட நாட்கள் எத்தனை? முப்பது நாளில் பதில் வர வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். புதிய பணியிடத்தை உருவாக்க அரசாணை வேண்டும், ஆண்டுகள் ஆகும்; அயல்பணியில் போனவரைத் திரும்ப அழைக்க மாவட்டக் கண்காணிப்பாளரின் ஒரு கையெழுத்து போதும்.

புறக்காவல் நிலையம் கேட்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். இரவில் ஒற்றை ஆளைத் தகரக் கொட்டகையில் உட்கார வைக்கும் சாவடியை நான் கேட்க மாட்டேன். இருவர், விளக்கு, வயர்லெஸ், கழிப்பறை. இவை இல்லாமல் வேண்டாம்.

பதில் வந்ததும் அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம். அங்கே கிராம சபை கிடையாது, வார்டுக்கு உட்பட்ட பகுதி சபையில் கேளுங்கள். தீர்மான நகல் கண்காணிப்பாளருக்கு, ஆட்சியருக்கு, சட்டமன்ற உறுப்பினருக்கு. காவல்துறை மானியக் கோரிக்கைக்கு முன்னால் உறுப்பினர் கையில் அது இருந்தால் அவரால் கேள்வியாக எழுப்ப முடியும்.

எங்கள் ஷீட்டுகள் கிடைக்கவில்லை. தகவல் உரிமை மனுவுக்குப் பதில் 34-ஆம் நாள் வந்தது. மூன்றாவது கேள்விக்கு எதிரே ஓர் எண் இருந்தது, நாங்கள் நினைத்ததைவிடப் பெரிய எண். அடுத்த கிராம சபை நவம்பர் 1, உள்ளாட்சி தினம். குமரி தமிழகத்தோடு சேர்ந்த நாளும் அதுதான். தீர்மானத்தின் வரைவு ஊராட்சி அலுவலகத்தில் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது, இரண்டு படி, ரசீதோடு.